வானம் தோண்டுகிறவன்

நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு மணிநேரம்
ஓடியிருந்தது மீட்டரில், நான் வாங்கும்போது.
விற்றவன் திருப்பி வைத்திருக்கலாம்.
பக்கெட் பின்னைப் பிடித்து ஆட்டினேன், ஆடியது.
பத்தாயிரம் குறைத்தான்.
வேர்கிளம்பி முக்கில் இறக்கி, பாஸ்டர் ஜெபித்து முடித்த பின்னும்
எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பதென்று
லோபெட் டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தான்.
செயின் வண்டிக்கு ஏது சக்கரம்.

மணிக்கு ஆயிரத்து நானூறு.
பாதியை டீசல் குடிக்கும்.
மிச்சத்தில் கிரீஸ், பக்கெட் பல்,
கடையால் மலையில் வைத்துத்தான் வெடிக்கும் ஹோஸ்,
அதை மார்த்தாண்டம் கொண்டுபோய் மாற்றிவர
பைக்குக்குப் பெட்ரோல்.
ஏழாம் தேதி காலை எட்டுக்கு
தக்கலை ஃபைனான்ஸ்காரன் போன் போடுவான்,
"சார்" என்றுதான் தொடங்குவான்.
ஊர் உலகத்துக்கு ஒரு மழை, நமக்கு இரண்டு.
இடவப்பாதியில் பதினெட்டு நாள், ஐப்பசியில் பன்னிரண்டு.
கணக்கு நோட்டில் செலின்
"நனைஞ்சுது" என்று மட்டும் எழுதுவாள்.

அஸ்திவாரக் குழிக்கு இங்கே வானம் என்று பேர்.
யார் வைத்தார்களோ.
இரண்டடி அகலம், நாலடி ஆழம்,
மேலே செம்மண், கீழே வெட்டுக்கல்.
முளகுமூட்டில் மட்டும் நூற்றுச்சொச்சம் வீடுகளுக்கு
வானம் நான் தோண்டியது.
ஒரு பால்காய்ப்புக்கும் என்னை விளித்ததில்லை.

போன சனிக்கிழமை மணலிக்கரை.
அம்மை போன பிறகு அறுபத்திரண்டு சென்ட் விளை
அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதிப்பாதி.
நடுவே காம்பவுண்டுச் சுவர், எண்பதடி வானம்.
இரண்டு முனையிலும் கல் நட்டு நூல் கட்டியிருந்தது.

டீசல் ஊற்றும்போது அண்ணன் வந்தான், டென்சிங்.
கேன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:
"ஒண்ணும் பெருசாட்டு செய்யாண்டாம்.
கை ஒரு சாண் அந்தப் பக்கம் தெற்றினா போரும்.
மெஷின்தானே, மனுசன் இல்லியே."
என் சட்டைப் பையில் நாலு ஐந்நூறு.

பதினோரு மணிக்குத் தங்கை, ஃப்ளாரன்ஸ்,
சாயாவும் அவித்த மரச்சீனியும் கொண்டுவந்தாள்,
காந்தாரி மிளகு உடைத்த சம்மந்தியும்.
"அண்ணன் என்னத்தையாவது சொல்லியிருக்கும்.
நான் ஒண்ணும் சொல்லல்ல.
அங்கோட்டு ஒரு சாண் தெற்றினாலும்
நான் பாக்கப்போறதில்ல."
தட்டுக்கு அடியில் நாலு ஐந்நூறு.
ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்,
ரேட்டிலும் வித்தியாசமில்லை.

இரண்டையும் வாங்கினேன்.
அன்றைக்குத் தேதி ஐந்து.

அண்ணன் பிலா மூட்டுக்கு அடியில் நின்றான்,
தங்கை கிணற்றங்கரையில்.
கேபினில் இருந்து சுற்றிச் சுற்றி மண்ணை வாரி வைக்கையில்
ஒரு சுற்றில் அவன் முகம், மறு சுற்றில் அவள் முகம்.
அவரவர் நின்ற இடத்திலிருந்து
கோடு அடுத்தவர் பக்கம் சாய்வதாகத் தெரிந்திருக்கும்.
இருவருமே எனக்குத் தலையாட்டினார்கள்.

நாற்பதாவது அடியில் இடித்தது.
பக்கெட் பல் ஒன்று தெறித்துப் போனது.
கருங்கல், ஆனை படுத்த மாதிரி.
தட்டினேன், அரக்கினேன், அசையவில்லை.
சுற்றித்தான் போகவேண்டும்.
ஒரு பக்கமாகச் சுற்றினேன்.

ஆறு மணிநேரமும் நாலு பாயிண்டும்.
மீட்டர் காசைப் பேரம் பேசாமல்
ஆளுக்குப் பாதி எண்ணித் தந்தார்கள்.
முதல் தடவையாக ஒருவரும்
"கல்லோடு மல்லுக்கட்டின நேரத்துக்கும் காசா" என்று கேட்கவில்லை.

ராத்திரி செலின் நோட்டை விரித்தாள்.
பல்லுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு,
இந்த எட்டு நோட்டு எந்த வகையில்?
சொன்னேன்.
"கல்லை எந்தப் பக்கமாட்டு சுற்றினிய?"
"நனைஞ்சுதுண்ணு எழுது" என்றேன்.

வியாழக்கிழமை சர்வேயர் வருகிறாராம்.
எனக்கு அன்றைக்குக் கடையாலில்
ரப்பர் மூடு பறிக்கிற வேலை,
அங்கே டவர் கிடைக்காது.