ஆட்டுக்கு ஒன்று

பூளவாடிப் பிரிவில் என் பட்டறை.
வெல்டிங், ஷட்டர், சீட்டுக் கூரை, கம்பி வேலி
என்று பிளெக்ஸில் போட்டிருந்தேன்.
போன ஆடியில் வலது மூலை கிழிந்து
'கம்பி வே' என்று நிற்கிறது.
புரியாமல் திரும்பிப் போனவர் இதுவரை யாருமில்லை.

ராஜாமணி டீச்சருக்குப் பின்வாசலில்
பதினாறுக்குப் பன்னிரண்டு சாய்ப்பு வேண்டும்.
"சாரல் அடிக்கப்படாது.
பக்கத்து ஊட்டுல இருந்து எட்டிப் பாக்கப்படாது.
உக்காந்து காப்பி குடிக்கறாப்பல இருக்கோணும்.
எம்பதைத் தாண்டோண்டாம்.
மூணு பக்கமும் சீட்டுலயே அடைச்சுப்போடுங்க."

அடைச்சா அது சாய்ப்பு இல்லீங்க,
பட்டம்.

ஆடிக்காற்று தெரிந்த ஆள்.
கணவாயில் நுழைந்து மேற்கிலிருந்தே வரும்,
இரண்டு மாசம் தங்கும்,
காற்றாலைகளுக்கு வேலை கொடுக்கும்.
முதுகைக் காட்டி நின்றுகொள்ளலாம்.
சித்திரைச் சாயங்காலத்தில் மழைக்கு முன்னால் வருகிறதே,
கால்மணி நேரம்,
அதற்குத் திசை
அதற்கே தெரியாது.

பன்னிரண்டு வருசம் முன்பு பெதப்பம்பட்டிப் பக்கம்
நான் தனியாகப் போட்ட முதல் கூரை.
சீட்டுக்கு ஆறு போல்ட்டு போதும் என்றார் கடைக்காரர்.
மிச்சமான போல்ட்டை எண்ணி
எனக்குச் சந்தோசம்.
ஒரே ஒரு சீட்டு எழுந்தது.
இரண்டு காடு தாண்டி
மயிலாத்தாளின் வெள்ளாட்டுக் கழுத்தில் இறங்கியது.
சினையாடு.
ஒன்பதாயிரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அவர் எண்ணிப் பார்க்கவில்லை.
"ஆளா இருந்தா எவ்வளவுங்க குடுப்பீங்க?"
என்றார்,
சந்தையில் விலை விசாரிக்கிற குரலில்.

அன்றிலிருந்து சீட்டுக்குப் பன்னிரண்டு,
ஓரத்து வரிசையில் மேற்கொண்டு ஒன்று.
பில்லில் அதற்குப் பெயர் கிடையாது.
ஏணி மேலிருந்து பிகாஷ் மட்டும் கை நீட்டுவான்:
"ஆட்டு போல்ட்டு, அண்ணா."
அவன் கேந்திராபாடாக்காரன்.
புயல் அங்கே விருந்தாளி மாதிரி
முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருமாம்.

டீச்சர் விடவில்லை.
கூரை மேல அவ்வளவு வெயிட்டு இருக்குது,
காத்து எப்படித் தூக்கும்?
பிகாஷ் என் கொட்டேஷன் தாளை வாங்கி
ஒரு முனையை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு
மேலாக ஊதினான்.
தொங்கிக்கொண்டிருந்த தாள்
எண்பத்தொன்பதாயிரத்தோடு எழுந்து நின்றது.

டீச்சர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தார்.
"இருபத்தெட்டு வருசம் நான் இதைக்
கரும்பலகையில எழுதிப் போட்டிருக்கேன்" என்றார்.
ஊதிக் காட்டியதில்லையாம்.

பிறகு வேலை சுலபம்.
கால் மூன்றடி ஆழம். குழியில் கொட்டிய காங்கிரீட்டை
யாரும் பார்க்கப்போவதில்லை, செலவு அங்கேதான்.
பக்கங்களில் சீட்டு இல்லை. நாலங்குலப் பட்டைகள்,
ஒன்று முன்னால், ஒன்று பின்னால்,
நடுவில் சந்து.
கண் முட்டி நின்றுவிடும்.
காற்று வளைந்து போய்விடும்.

சித்திரை பதினேழு, ராத்திரி ஏழே முக்கால்.
பூளவாடியில் கரண்டு இல்லை.
எங்கோ ஒரு தகரம் ரோட்டில் ஓடுகிற சத்தம்.
என்னுடையதா என்று காது வைத்துக் கேட்டேன்.
தகரத்துக்கு ஊர் பேர் தெரியாது.

போனில் டீச்சர்.
எடுப்பதற்குள் ஐந்து முறை அடித்துவிட்டது.
"கூரைக்கு ஒண்ணுமில்லீங்க.
வேலிதான் விசிலடிக்குது.
அடிக்கலாமுங்களா?"

அடிக்கட்டுங்க, அது போற சத்தம்.

"சரிங்க."

ஏனுங்க டீச்சர், அங்க பக்கத்துல
ஆடு ஏதாச்சும் கட்டியிருக்குதுங்களா?

"ஆடா?"

ஒண்ணுமில்லீங்க என்று வைத்துவிட்டேன்.

காலையில் பட்டறைக்குப் போனால்
'வே'யும் போயிருந்தது.
பிகாஷ் சட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு
எத்தனை போல்ட்டு போட்டீங்க அண்ணா என்றான்.

நாலு.