நாலாம் கம்பி

பனி கம்பியைத் தின்னும்.
சமவெளியில் இரண்டு மாதம் ஓடுவது
குன்னூரில் மூன்று வாரம்.
மீதியை என் உள்ளங்கை தின்றுவிடும்.
"உங்க வேர்வையில புளி இருக்கு சார்" என்றான்
பெட்போர்டில் கம்பி விற்கும் போஜராஜ்.
விரல் நுனியெல்லாம் கறுப்பு.
ஃபேக்டரியில் கோப்பையைத் தொடுமுன்
மூன்று தடவை கை கழுவுகிறேன்.

என் வேலை தேயிலை ருசி பார்ப்பது.
நாளுக்கு நூறு, நூற்றிருபது கோப்பை.
உறிஞ்சு, நாக்கில் உருட்டு, துப்பு.
இதற்கு உடம்பு இல்லை,
இது வெந்துபோனது,
இது நிறத்தைக் காட்டி ஏமாற்றுகிறது என்று
நோட்டில் எழுது.
விழுங்குகிறவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வராது.

கம்பியைத் துப்ப முடியாது.
மாட்டினால் மாட்டியதுதான்.
முதல் நாள் அதற்கு வாய் அதிகம்,
கல்யாண வீட்டு முன்வரிசைச் சித்தப்பா மாதிரி.
மூன்றாம் நாள் அடங்கும்.
நல்ல கம்பி அன்றைக்குத்தான் பேச ஆரம்பிக்கும்.

போஜராஜ் இரண்டு உறை எடுத்து வைத்தான்.
மஞ்சளாய் மின்னும் வெண்கலம், இருநூற்று நாற்பது.
செம்பின் சாயலில், பாஸ்பர் கலந்து
பூச்சும் போட்டது, ஆயிரத்து அறுநூறு.
"பனிக்கு இதுதான் சார். ஸ்வெட்டர் போட்ட கம்பி."
பன்னிரண்டா, பதினொன்றா?
பன்னிரண்டின் தடிமனில் ஒலிக்குத் தொடை உண்டு,
என் சுண்டுவிரலுக்கு இல்லை.
பதினொன்றில் இரண்டையும் வாங்கினேன்.
ரெஜினா பில்லைப் படித்துவிட்டு
"இப்படியே போனா கம்பி எண்ண வேண்டியதுதான்" என்றாள்.
ஆறுதானே, எண்ணிவிட்டேன் என்றேன்.
சிரிக்கவில்லை.

பிறகு செய்தது ஃபேக்டரி புத்தி.
ஒவ்வொரு செட்டிலும் நாலாம் கம்பியை மட்டும் உருவி
பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன்.
வாய் அடங்கட்டும் என்று மூன்று நாள் தொடவில்லை.
மூன்றாவதாக, ஒப்பிட்டுப் பார்க்க,
கழற்றிப் போட்டிருந்த பழையது.
அதை ரெஜினா, யாரும் கேட்காமலே,
பால் பாத்திரத்தில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுத்
துடைத்துக் கொடுத்தாள்.
தண்ணீர் டஸ்ட் டீ நிறத்தில் இருந்தது.
முகர்ந்து பார்த்தேன். பழக்கம்.

மூன்றையும் ஒரே சுருதிக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டுச்
சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
அவள் வரிசையைக் கலைத்து மீட்டினாள்.

ஒன்று: முனை கூர். நடுவில் ஆள் இல்லை.
இரண்டு: உருண்டை. குறை சொல்ல ஒன்றுமில்லை.
கையுறையோடு கைகுலுக்கியது போல.
மூன்று.

பென்சிலைக் கீழே வைத்தேன்.
அது எங்கே தீர்ந்தது என்று தெரியவில்லை.
பள்ளத்தில் பர்லியார் இறங்கும் லாரி
மிச்சத்தை வாங்கிக்கொண்டு போனது.

"மூணாவது. ஆயிரத்து அறுநூறு வீண் போகல."
அவள் பதில் சொல்லாமல்
பால் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

பதினெட்டு வருஷமாக
நாக்கை வைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

மறுநாள் காலை அது செத்திருந்தது.
தட்டினால் ஈரத்துணி.
கொதித்து வந்த குரல் ஒரு ராத்திரிக்குத்தான் என்பது
ஊருக்கே தெரியுமாம், போஜராஜ் சொன்னான்.
தேயிலையிலும் இந்த ஜாதி உண்டு.
கோப்பையில் நிமிர்ந்து நிற்கும்,
ஏலம் வருவதற்குள் மூட்டையில் படுத்துவிடும்.
வாங்காதே என்று எழுதுவேன்,
இரண்டாம் யோசனை கிடையாது.

பூச்சுப் போட்ட செட்டை முழுசாக மாட்டியாயிற்று.
ஆறு வாரமாகக் கறுக்கவில்லை.
யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.
பழையதைச் சுருட்டி
ஒரு சாம்பிள் டப்பாவில் போட்டு வைத்தேன்,
லேபிள் ஒட்டவில்லை.

சில ராத்திரி, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது,
சமையலறையிலிருந்து ரெஜினா குரல் கொடுப்பாள்:
"போடவா?"
டீயைத்தான் கேட்கிறாள் என்று நினைக்கிறேன்.