எந்தக் கோயில் மொட்டை?

பாலக்கோட்டில் என் கடை.
இரண்டு நாற்காலி, எதிரெதிரே கண்ணாடி.
குழந்தைகள் வந்தால்
கைப்பிடிகளுக்குக் குறுக்கே போட ஒரு பலகை.

காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது.
தொடையில் நீலநீலமாய்த் தழும்பு.
"எங்கடி விழுந்த?" என்று அதட்டினோம்.
விழவே இல்லை என்றாள் லோஷிகா.
நாங்கள் நம்பவில்லை.
அதற்கு இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

தருமபுரியில் ரத்தம் எடுத்தார்கள்.
சீட்டைப் பார்த்த டாக்டர்
எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.
பிறகு அவர் சொன்னதெல்லாம்
கதவு சாத்தும்போதே எனக்குக் கேட்டுவிட்டது.

அப்புறம் ரயில்.
மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம், ஓசூர்.
அ, ஆ படிக்கும் முன்னே
பெங்களூர்வரை வரிசையாய்ச் சொல்லப் பழகினாள்,
மாஸ்க்குக்குள்ளிருந்து.

சிவப்பு மருந்து ஏறிய நாள்
மூத்திரமும் சிவந்தது.
"ரோஸ் மில்க்ப்பா" என்று எட்டிப் பார்த்தாள்.
முதுகுத்தண்டில் ஊசி போட
மரவட்டை மாதிரி சுருண்டுக்கணும் என்றார் நர்ஸ்.
சுருண்டாள்.
ஊசியை எடுத்த பிறகும் வெகுநேரம் நிமிரவில்லை.
"யாரும் இல்லன்னு தெரிஞ்சாத்தான்
மரவட்டை எழுந்திருக்கும், நீ போ."

நான் வெளியே போய் நின்றேன்.

வாரத்தில் நாலு நாள் கடை திறந்தாக வேண்டும்.
அவள் அம்மாவுக்குப் போன் போட்டு
"இன்னைக்கு எவ்வளவு?" என்பேன்.
இருபதாயிரம்.
"நேத்து நாப்பது சொன்னியே?"
சோப்பு நுரைக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்,
"மனையா? எந்தப் பக்கம்?"
தட்டணுக்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.
ஆமாம், விலை இறங்கிப்போச்சு என்றேன்.

தலையணையில் கொத்துக்கொத்தாய் வந்தபோது
"நம்ம கடையிலயே எடுத்துடு" என்றாள்.
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
பலகையை டெட்டால் போட்டு மூன்று தரம் துடைத்தேன்.
கத்தி கூடாது, ஒரு கீறல் நிற்காது
என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
மெஷினை வைத்தேன்.
வெட்டவே இல்லை, தொட்டதும் வந்துவிட்டது.
இருபத்தோரு வருசத் தொழில்.
கடைசியில் தரையைப் பார்க்காமல் பெருக்கினேன்.

அவள் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கண்ணாடிக்குள் கண்ணாடி,
அதற்குள் இன்னொன்று,
வரிசையாய் உள்ளே உள்ளே மொட்டைத் தலைகள்.
"வார்டே வந்திருக்குப்பா" என்று கையாட்டினாள்.
எல்லாரும் திருப்பிக் கையாட்டினார்கள்.

"எந்தக் கோயில் மொட்டை பாப்பா?"
ரயிலில், மளிகைக்கடையில், மாடிப்படியில் கேட்டார்கள்.
ஒருவருக்குத் திருப்பதி என்றாள்.
ஒருவருக்குத் தீர்த்தமலை.
பிரசாதம் எங்கே என்ற டிக்கெட் பரிசோதகரிடம்
"நானே தின்னுட்டேன்."
அந்த மாதம் அது பொய்யும் இல்லை.
மாத்திரை கொடுத்த பசியில்
நடுராத்திரி ரெண்டு மணிக்குத்
தக்காளித் தொக்கு போட்டு நாலு இட்லி தின்றாள்.

இரண்டரை வருசம்.
பாதி மாத்திரை, கால் மாத்திரை என்று
அவள் அம்மா வெட்டி வெட்டிக்
காய்கறிக் கத்தியே மருந்து வாசம் அடித்தது.
கடைசி மாத்திரை ஒரு புதன்கிழமை முடிந்தது.
மேளம் ஒன்றும் இல்லை.
"முடிஞ்சிடுச்சா சார்?" என்றேன்.
"பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார்.

முடி வந்தது. சுருட்டை.
எங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் சுருட்டை இல்லை.

ராத்திரியில் இன்னும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.
"சூடு இல்லப்பா, தூங்கு" என்கிறாள்
கண் திறக்காமல்.

போன ஞாயிறு கடையில் கூட்டம்.
பலகைமேல் ஒரு பொடியன் ஊரைக் கூட்டினான்.
இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாடத்தை மூடிவிட்டு
பக்கத்தில் போய் நின்றாள் லோஷிகா.
"முடி வலிக்காதுடா.
எனக்கு மொத்தமும் போச்சு. வலிக்கவே இல்ல."
அவன் விம்மலை நிறுத்தி அவளைப் பார்த்தான்.
கொஞ்சம் யோசித்து,
உண்மையை மறைக்க மனமில்லாமல், சேர்த்துக்கொண்டாள்:
"ஊசிதான் வலிக்கும்."

பொடியன் முன்னைவிடச் சத்தமாய் அழத் தொடங்கினான்.