மற்றவை

யோயென்சூவில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டு வந்து
ஜன்னலில் உட்கார்ந்துவிடும்.
பணி மாறும் நேரத்தில்
காப்பி அறைக்கு ஆப்போ வந்தான்,
கையில் படிவக் கட்டு,
காலில் பனி ஒட்டிய பூட்ஸ்.
வாசலிலேயே லேசாக வழுக்கினான்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம்.

"முதியோர் வீழ்ச்சி ஆய்வு குறித்துச்
செவிலியர் கருத்து" என்றான்.
வீழ்ச்சி.
ஏதோ பேரரசுக்கு நேர்ந்ததுபோல.
எங்களுக்கு அது வெறும் விழுவது:
பனி விழும், தட்டு விழும்,
ஆறாம் அறையில் ஆள் விழுவார்.

துயிரே சொன்னாள்:
எழுதிக்கொள். இரவில் இருபத்தேழு பேர்,
நாங்கள் இருவர்.
ஒருவருக்குத் துணி மாற்றும்போது
இன்னொருவர் எழுந்திருப்பார்.
இதற்கு ஆய்வு எதற்கு,
கூட்டல் கழித்தல் போதும்.

மெர்வி அப்படி இல்லை.
போன ஆய்வுக்குப் பிறகுதானே
கட்டிலுக்கு அடியில் மஞ்சள் விளக்கு வந்தது என்றாள்.
அதற்கு முன்
இருட்டில் தட்டுத் தடுமாறி உடைந்த இடுப்புகளை
அவள் எண்ணி வைத்திருக்கிறாள்,
பெயரோடு.

நான் பிப்ரவரியைச் சொன்னேன்.
அந்த மாதம் பூஜ்யம்.
மேலிடத்திலிருந்து கேக் வந்தது.
எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்து
மேசையை வயிற்றோடு நெருக்கித் தள்ளியிருந்தோம்.
மார்ச்சில் எழுப்பினால்
கால்களுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.
கேக் நன்றாகத்தான் இருந்தது.
நானும் இரண்டு துண்டு தின்றேன்.

ஆப்போ எதையும் எழுதவில்லை.
பேனாவை மூடினான், திறந்தான், மூடினான்.
படிவத்தைத் திருப்பிக் காட்டினான்.
காரணம்: செருப்பு, ஈரத் தரை, மாத்திரை,
ரத்த அழுத்தம், பார்வை, குழப்பம்.
ஏழாவதாக, மற்றவை.
பக்கத்தில் ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.

அதற்குள் தௌனோ துருனெனை
எப்படி மடித்து வைப்பது?
எண்பத்தொன்பது வயது.
பதினேழிலிருந்து ஆற்றில் மரம் ஓட்டியவர்.
மிதக்கும் தடிகள் காலடியில் உருள உருள,
கொக்கி போட்ட கழியோடு
ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக்
கணுக்கால் நனையாமல் போனவர்.
கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே
நான்கு மீட்டர் லினோலியத்தில்
இந்த ஆண்டு ஆறு முறை விழுந்திருக்கிறார்.
மணி அடித்திருக்கலாமே என்றால்
"நீ பக்கத்து அறைக்கு ஓடுவது காதில் விழுந்தது" என்பார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

விழுந்து விழுந்து கவனித்தீர்கள் என்று
உறவினர்கள் நன்றி அட்டையில் எழுதுகிறார்கள்.
விழுந்து விழுந்து.

அன்றிரவு மூன்று நாற்பதுக்கு
தரைவிரிப்பு அலாரம் கத்தியது.
ஓடினேன்.
நின்றுகொண்டிருந்தார்.
மஞ்சள் வெளிச்சம் பாதத்தில்,
இரு கையும் விரித்து,
முழங்கால் சற்றே மடக்கி,
ஒரு குதிகால் தூக்கி.
"வராதே," என்றார், "இது உருளுகிற மரம்."

உடனே தாங்கிப் பிடி
என்பதுதான் எங்களுக்குக் கற்பித்தது.
என் கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன.
பதினொன்று வரை எண்ணினேன்.
ஏன் எண்ணினேன், தெரியாது.
அலாரம் கத்திக்கொண்டே இருந்தது.
ஓர் எட்டு வைத்தார்.
இன்னொன்று.
பிறகு என் தோள்
அவருக்குக் கரையாக அகப்பட்டது.

விழவில்லை, ஆகவே படிவம் இல்லை.
விழுந்திருந்தால்
நான் பார்த்துக்கொண்டு நின்றதை
எந்தக் கட்டத்தில் போட்டிருப்பேன்?
ஆப்போவிடம் சொல்லவில்லை.
துயிரேயிடமும்.

கட்டிலில் உட்கார வைத்தேன்.
"கால் நனைந்துவிட்டது, ரைலி" என்றார்.
அவருக்கு வெட்கமாக இருந்தது.
துவாலை எடுத்து வந்து
காய்ந்த பாதங்களை
விரல் விரலாகத் துடைத்தேன்.