நல்ல சாயம்

பதுளையில், மாகாண சபையின் இரண்டாம் மாடியில்
மூன்று நாட்கள் 'நட்புறவு' என்ற சொல்லோடு இருந்தேன்.
சிங்களத்தில் அது பதாகையின் நெற்றியில்,
ஆங்கிலத்தில் நடுவில்,
தமிழில் அடியில், கடைசி எழுத்தின் வால் அறுந்து
'நட்புறவ' என்று அச்சாகி வந்தது.
திருத்த நேரமில்லை,
மேசை விரிப்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள் என்றார்
செயலாளர் எக்கநாயக்க அம்மையார்.
உயர்த்தினோம்.

பஸ்ராவிலிருந்து ஐந்து பேர்.
மாநில அதிகாரிகள் இருவர், வணிகச் சங்கத்தார் மூவர்.
தலைவர் காதிம் கனத்த மனிதர்,
வந்த முதல் மணிநேரத்திலேயே தடுமன் பிடித்து
கண்டிய நடனக்காரர்களின் நடுவே
தும்மிக்கொண்டு நின்றார்.

பதினொரு பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை.
ஏழாவது:
'இரு தரப்பு மக்களிடையே
நேரடித் தொடர்பை ஊக்குவித்தல்.'
மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதியவள் நான்.
கையெழுத்தாகிக் கைதட்டி
பேனைகளை மாற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் அப்புத்தளைப் பக்கம் தொழிற்சாலை பார்க்கப் போனோம்.
இரவு மழைக்கு இறங்கிய மண்
பாதையை மறித்துப் படுத்திருந்தது,
உள்ளே ஒரு டர்பன்டைன் மரம் வேரோடு.
பெக்கோ வர இரண்டு மணித்தியாலமாம்.
நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு லயத்தின் முன்னால்
ஐந்து கோட்டுகளும் எங்கள் குடைகளும்
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன.

பெரியநாயகி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி
படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
யாரையும் கேட்கவில்லை.
உள்ளே போனாள்,
ஆறு கோப்பை, இரண்டு டம்ளர், ஒரு ஜாம் போத்தலில்
சாயத்தண்ணி கொண்டுவந்தாள்.
தனக்கு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி,
ஒரு நக்கு, ஒரு மிடறு.

காதிம் அதைப் பார்த்தார்.
கோட்டுப் பையைத் துழாவினார்.
காகிதத்தில் சுற்றிய சீனிக்கட்டி ஒன்று;
அதைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு
ஜாம் போத்தலை உயர்த்திக் குடித்தார்.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவருக்கும், சிரிப்போடு தும்மலும்.
அரசாங்கப் படப்பிடிப்பாளர் அந்த நேரம்
மண்சரிவைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் என்னிடம் கேட்டாள்:
'நம்ம தூளு அங்க
கிலோ என்ன வெலைக்குப் போகுதுனு கேளுங்க மிஸ்.'

கேட்டேன்.
அவர் யோசிக்காமல் தினாரில் சொன்னார்,
வியாபாரிக்கு விலை நாக்கு நுனியில்.
கைபேசியில் ரூபாயாக்கினேன்.
அவளுடைய இரண்டு நாள் பெயரையும் தாண்டி
நின்றது அந்த எண்.
எக்கநாயக்க அம்மையாரின் பார்வை
என் கன்னத்தில் குளவி மாதிரி உட்கார்ந்திருந்தது.
கோப்பைகளில் ஆவி அடங்கியது.
ஏழாம் பிரிவை நான் நினைத்தேனா?
இல்லை. என் நிரந்தர நியமனத்தை நினைத்தேன்.

'நல்ல சாயமாம்' என்றேன்,
'ரொம்பப் பிடிச்சிருக்காம்.'

தலையை ஆட்டிக்கொண்டாள்.
பெக்கோ வந்தது.

நான்கு மாதம் கழித்து பஸ்ராவிலிருந்து
பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்தன, நாற்பது,
'நட்பின் அடையாளமாக'.
அமைச்சுக்கு, சபைக்கு, சாரதிகளுக்கு என்று பிரித்தது போக
எனக்கு ஒரு பெட்டி.
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு
அந்த எண்ணைச் சொன்னேன்.
பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மன்னிப்பு
பாதியில் நின்றுவிட்டது.

பெரியநாயகி ஒரு பழத்தைப் பிட்டு
கொட்டையை வாசலுக்கு அப்பால் எறிந்தாள்.
'அன்னைக்கே தெரியும் மிஸ்' என்றாள்.
'நல்ல சாயம்னு சொல்றதுக்கு
யாராவது போன்ல கணக்குப் போடுவாங்களா?'

அடுப்பில் தண்ணீர் வைக்க எழுந்து போனாள்.