பதினோரு நிமிடம்

இரவு இரண்டு நாற்பதுக்கு
லில்லி புஷ்பத்தின் ரத்தத்தை ‘ஏ’ என்று தட்டினேன்.
அது ‘ஓ’.

வெளியே களியக்காவிளைச் சந்தைக்கு
மீன் லாரிகள் வந்துகொண்டிருந்தன.
ஐஸ் உருகிய தண்ணீர்
தமிழ்நாட்டில் சொட்டத் தொடங்கி
கேரளத்துச் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது.

படந்தாலுமூட்டில் கோழிவண்டி இடித்து
அண்டியாபீஸ் சேலையோடு வந்தவள் லில்லி.
முந்திரித்தோட்டு எண்ணெய் தின்ற விரல்கள்.
கைரேகைக் கருவி மூன்று முறை
இவள் யாரென்று தெரியாது என்றது.
நாலாவதாய் இடதுகைச் சுண்டுவிரலை ஒத்துக்கொண்டது.
அந்த ஒரு விரலின் சம்மதத்தில்
அவள் ஏடு திறந்தது
பாறசாலைக்கு, நெய்யாற்றின்கரைக்கு,
இந்தப் பக்கம் குழித்துறைக்கு, மார்த்தாண்டத்துக்கு.
ஏழு ஆஸ்பத்திரி, ஒரே சங்கிலி.
என் ‘ஏ’ ஏழு இடத்திலும் போய் உட்கார்ந்தது.

ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு வந்தேன்.
வெள்ளை ஓட்டில் முதல் இரண்டு துளியும்
திரளாமல் அப்படியே கிடந்தன.
என் கை குளிர்ந்தது.
ஆம்புலன்ஸ் இஞ்சிவிளை தாண்டியிருந்தது.

பாறசாலை ஷைலஜா சிஸ்டர் போனில் சிரித்தாள்:
“ஞங்ஙள் இவிடெ வேறெ நோக்கும். பேடிக்கண்டா.”
பேடி அதற்கில்லை.
அழிக்கும் பொத்தானைத் தேடினேன்.
பயிற்சி கொடுக்க வந்த பிஜுலால்
அன்றைக்கே சொல்லியிருந்தான்,
“மாய்க்கான் பற்றில்ல சேச்சி,
சேர்க்கானே பற்றூ.”

சேர்த்தேன்:
மேற்கண்டது பிழை. ஓ பாசிட்டிவ்.
2.51. ரெஜினாள், ஆய்வகம்.

ஆனாலும் ‘ஏ’ அங்கேதான் இருக்கிறது.
ஒவ்வொரு கட்டமும் நெற்றியில்
முந்தைய கட்டத்தின் முத்திரையைச் சுமக்கிறது.
ஓர் எழுத்தைச் சுரண்டினால்
ஏழு ஊரும் ஒன்றாய்க் கூவும்.
பாவசங்கீர்த்தனம் செய்தால்
சாமியாராவது மறந்து தொலைப்பார்.
இது என் ரிட்டயர்மென்டுக்குப் பிறகும்
என் பெயரை வைத்துக்கொண்டிருக்கும்.
இரண்டு நாள் நான் பிஜுலாலைத் திட்டினேன்,
மூன்றாம் நாள் நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் எனக்கு நோட்டுக் காலம் தெரியும்.

பக்கம் 212.
சபியத்தின் மகன், வயது ஏழு.
என்ன ஊசி, எத்தனை மில்லி, போட்டது யார்.
மானேஜர் கை நீட்டினார், வாய் திறக்கவில்லை.
பிளேடு என் மேசை இழுப்பறையில் இருந்தது.
புது பிளேடு.
213 அசையக்கூட இல்லை.

வக்கீல் குமாஸ்தா வந்து
நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு
எல்லாம் சரி என்று மூடப்போனார்.
சபியத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது.
எல்லைக்கு நாலடி அந்தப் பக்கம்
லாட்டரி விற்கிறவள், எண்கள் தெரியும்.
விரலை வைத்தாள்.
“இருநூத்தி பதினொண்ணு.
இருநூத்தி பதிமூணு.
எடையில உள்ளது எங்க?”
யாரும் பேசவில்லை.
நானும்.

மூன்று வாரம் கழித்து லில்லி வந்தாள்,
கையில் கட்டு, மறுகையில் போன்.
“ஏன்னும் கெடக்கு, ஓன்னும் கெடக்கு.
ரெண்டும் நீங்க எழுதுனதாக்கும்?”
“ஆமா. ரெண்டும் நான்தான்.”
கொஞ்சநேரம் திரையையே பார்த்தாள்.
“அப்போ பதினோரு நிமிசம்
நான் வேற ஆளா இருந்திருக்கேன்.”
பிறகு, அண்டியாபீசில் கொடுக்க
லீவுச் சீட்டு எங்கே வாங்கணும் என்று கேட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில்
ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு லாட்டரி வாங்கினேன்.
சபியத் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நம்பரை மட்டும் உரக்க வாசித்தாள்,
ஒவ்வொரு எண்ணாக, விரல் வைத்து.
“சரியா பாத்துக்க மக்கா.”
பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பிழைக்குப் பக்கத்தில் திருத்தம் எழுத
பதினோரு நிமிடம் போதுமாக இருந்தது.
இது பதினாறாம் வருடம்.
நான் இன்னும் எதையும் சேர்க்கவில்லை.