நாலாம் நம்பரில்

வேலந்தாவளத்தில் காற்றுக்குப் பஞ்சம் என்று
யாராவது சொன்னால் சிரிப்பார்கள்.
ஆடி மாதம்
மலை விட்டுக்கொடுத்த இடைவெளியில் புகுந்து
சோதனைச்சாவடித் தகரத்தைத் தூக்கிப் பார்க்கும்,
டூட்டிக்காரர் தொப்பியைப் பிடுங்கிக்
கள்ளிவேலியில் மாட்டிவிட்டுப் போகும்.

அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு
கண்ணாடி நாலும் ஏற்றிய மெரூன் கான்டெஸாவில்
தொப்பலாய் வேர்த்து வந்து இறங்கினார்
வேலுக்குட்டி, லாட்டரி ஏஜென்ட்.
"காத்து இல்ல சேச்சி."

கண்ணாடியை இறக்கலாமே என்று கேட்கவில்லை.
கட்டுக்கட்டாய்ச் சீட்டு ஏற்றுகிற வண்டி, பறந்துவிடும்.
இன்றைக்குக் கட்டையெல்லாம் அங்கேயே இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தார்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் அது அரசாங்கம்,
இந்தப் பக்கம் கேஸ்.

பானெட்டைத் திறந்தேன்.
கம்ப்ரசர் டக்கென்று பிடிக்கிறது.
குழாய் சில்லென்று வேர்க்கிறது.
காஸ் இருக்கிறது, குளிர் இருக்கிறது,
குளிரை எடுத்துவர ஆள் இல்லை.

குமிழை ஒன்றில் வைத்தேன், இரண்டில்,
நாலாம் நம்பரில்.
சத்தம் ஏறிக்கொண்டே போகிறது
மண்டபத்து கிரைண்டர் மாதிரி.
டேஷ்போர்டுத் துவாரத்தில் கை வைத்தால்
தூங்குகிற பிள்ளையின் மூச்சு.

கோயமுத்தூரில் மோட்டார் மாற்றினார்களாம்.
பாலக்காட்டில் காஸ் ஏற்றினார்களாம், இரண்டு தடவை.
இல்லாத நோய்க்கு எல்லோரும் ஊசி போட்டிருக்கிறார்கள்.

கிளவ் பாக்ஸைக் கழற்றி
மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே விட்டேன்.
டார்ச் வெளிச்சத்தில்
கூலிங் காயில் கம்பளி போர்த்திக் கிடந்தது.
தூசி, தேங்காய் நார், மக்கிய பஞ்சு,
நடுவே பச்சையும் சிவப்புமாய்ப்
பொடிப்பொடியாய்க் கடித்த காகிதம்.
எலி.
வீடு முழுக்க லாட்டரிச் சீட்டில் கட்டியிருக்கிறது.
யாரும் சோதிக்காத சரக்கு
எத்தனை முறை எல்லை தாண்டியதோ.

பிரிட்டோ முறத்தில் அள்ளிப் போட்டான்.
வேலுக்குட்டி பக்கத்தில் குந்தினார்.
ஒரு துணுக்கில் ஏழு.
ஒன்றில் அரை எட்டு, இல்லை மூன்றோ.
பரிசு எண்ணைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.
ஓரத்தில் இருந்த தேதியைத் தேடியிருக்கிறார்.
பிப்ரவரி.
"சதீசனை வெறுதே..." என்று ஆரம்பித்து
வேட்டி நுனியால் முகம் துடைத்துக்கொண்டார்.
காணாமல் போன கட்டுக்கு
ஒரு பையனின் சம்பளம் போயிருக்க வேண்டும்.
வேலையும்.
நான் கேட்கவில்லை.

பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் ஒரு மணி நேரம்.
மாட்டினேன். நாலாம் நம்பர்.
காற்று தேறியிருந்தது,
ஜுரம் விட்டவன் கக்கூஸ் வரைக்கும் நடக்கிற மாதிரி.
போதும் என்றார் அவர்.
சத்தத்துக்குத் தக்க காற்று இல்லை.

மறுபடி மல்லாக்க.
புது மோட்டார், இரண்டே வயர்.
கோயமுத்தூர்க்காரர் ரெண்டையும் இடம் மாற்றி முறுக்கி
மேலே அழகாய் டேப் சுற்றியிருக்கிறார்.
சக்கரம் பின்பக்கமாய்ச் சுற்றுகிறது.
பின்பக்கம் சுற்றினாலும் இந்தச் சக்கரம் உறிஞ்சாது,
முன்னால்தான் தள்ளும், ஏதோ கால்வாசி.
அதுதான் கஷ்டம்.
ஒன்றுமே வராதிருந்தால்
அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

மாற்றி முறுக்கினேன்.
முறத்திலிருந்து அந்த அரை எட்டை எடுத்துத்
துவாரத்துக்கு நேரே பிடித்தேன்.
விறைத்து நின்று படபடத்தது.
விட்டேன்,
பின்சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

காசை எண்ணாமல் கொடுத்தார், நூறு கூடுதல்.
வண்டியைத் திருப்பும்போது
எதற்கோ நாலு கண்ணாடியையும் இறக்கியிருந்தார்.
காதில் போன்.
மேற்கே பார்த்துக் கத்துகிறார்,
"சதீசா, கேக்கணுண்டோ... கேக்கணுண்டோ..."
காற்று அத்தனையையும் வாரி
இந்தப் பக்கமே கொட்டிக்கொண்டிருந்தது.